மாட்டின் பல்லைப் பார்க்க வேண்டியவர் யார்?



எமது ஆலய மண்டபத்தின் பின்புறம் உள்ள சாமான் அறையை உங்களிற் பலர் அறிவீர்கள். மடக்கு மேசைகள், அன்னதானக் கிடாரங்கள், திருவிழாக் கொடித்துணிகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அந்த அறைச் சுவரோடு ஏழு வருடங்களாக இரண்டு பெரிய கண்ணாடிகளும் சாய்ந்து நின்றன. பழைய போர்வையால் மூடிக் கயிற்றால் கட்டியிருந்தோம். கிடாரம் எடுக்கப் போகும் ஒவ்வொருவரும் "கவனம், கண்ணாடி!" என்று பின்னால் வருபவருக்குச் சொல்லிச் செல்வது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

இன்று அவை அங்கே இல்லை. ஒன்று உடைந்து போயிற்று. மற்றது வேறு உருவத்தில் ஆலயத்திலேயே இருக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையில் தொண்டர்களாகிய நாம் ஒரு பிழை விட்டோம். அதை மறைக்காமல் எழுதினால், வீட்டிலோ ஆலயத்திலோ மிஞ்சிய பொருளொன்றை வைத்துக்கொண்டு யோசிப்பவர்களுக்கு உதவும் என்று எண்ணியே இதனை எழுதுகிறோம்.

கண்ணாடி மிஞ்சிய கதை

எமது மண்டபம் முன்னொரு காலத்தில் கடையாக இருந்த கட்டடம். 2016ஆம் ஆண்டு அதனைத் திருத்தியபோது, தெருவை நோக்கிய பழைய கடைக் கண்ணாடிகளைக் கழற்றிவிட்டுப் பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும் என்று வேலை செய்தவர் சொன்னார். ஆட்கள் மோதக்கூடிய இடங்களில், அதாவது கதவுகளிலும் தரையை ஒட்டிய ஜன்னல்களிலும், உடைந்தாலும் ஆளை வெட்டாத கண்ணாடியே இருக்க வேண்டும் என்பது இந்நாட்டுக் கட்டட விதி. நவராத்திரியிலும் திருவிழாவிலும் எத்தனை பிள்ளைகள் அந்த மண்டபத்தில் ஓடித் திரிகிறார்கள்! ஆகவே செலவைப் பாராமல் மாற்றினோம். பழைய கண்ணாடிகள் நான்கில் இரண்டு கழற்றும்போதே உடைந்தன. இரண்டு முழுதாக மிஞ்சின.

ஒவ்வொன்றும் 2 மீற்றர் நீளம், 1 மீற்றர் அகலம், 10 மில்லிமீற்றர் தடிப்பு. ஒரு சதுர மீற்றர் கண்ணாடி, தடிப்பின் ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் இரண்டரைக் கிலோ நிறை கொண்டது. அப்படிக் கணக்குப் பார்த்தால் ஒரு கண்ணாடி 50 கிலோ. நிறையில் ஓர் அரிசி மூட்டைதான். ஆனால் அரிசி மூட்டையைத் தோளிற் போடலாம், கை வழுக்கினால் கீழே விடலாம். இதைத் தோளில் போடவும் முடியாது, கீழே விடவும் முடியாது.

எறிந்துவிடலாமே என்று சிலர் கேட்டார்கள். மனம் வரவில்லை. மணலும் சோடாவும் சுண்ணாம்புக் கல்லும் சேர்ந்து, 1500 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட உலை வெப்பத்தில் உருகித்தான் கண்ணாடி பிறக்கிறது. அத்தனை நெருப்பைத் தின்று வந்த பொருளைக் குப்பையில் போடுவது எப்படி? போத்தல் சேகரிக்கும் தொட்டியிலும் அதைப் போட முடியாது. போத்தல் கண்ணாடியும் ஜன்னல் கண்ணாடியும் வேறு வேறு பக்குவம். எல்லாவற்றுக்கும் மேலாக, "சிவன் சொத்துக் குல நாசம்" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கோயில் பொருளில் ஒரு துரும்பையும் வீணாக்கப் பயம்.

யோசனைகளுக்குக் குறைவிருக்கவில்லை. ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் ஒரு புதிய யோசனை வந்தது. அறிவித்தல் பலகைக்கு மூடியாகப் போடலாம் என்றார் ஒருவர். குளிர்காலத்தில் கறிவேப்பிலைக் கன்றுகளைக் காக்க ஒரு கண்ணாடிப் பெட்டி செய்யலாம் என்றார் இன்னொருவர். வாகனங்கள் வைக்கும் அறைக்குத் தடுப்பாக்கலாம், மீன் தொட்டி கட்டலாம், நூல்நிலைய அலுமாரிக்குக் கதவாக்கலாம் என்றெல்லாம் பேசினோம். பேசிவிட்டுத் தேநீர் குடித்தோம். கண்ணாடி நின்ற இடத்திலேயே நின்றது. ஏழு வருடங்களும் நாம் ஒரு பொருளைச் சேமித்து வைத்திருப்பதாகவே நினைத்திருந்தோம். ஒரு முடிவை ஒத்திப்போட்டுக்கொண்டிருந்தோம் என்பதே உண்மை.

நாம் செய்த தானம்

2023ஆம் ஆண்டு, ஊரிலிருந்து பராமரிப்பு வேலைக்கென ஒரு குடும்பம் வந்து எமது ஆலயத்துக்கு அருகே குடியேறியது. தாய், தகப்பன், பாட்டி, மூன்று சிறு பிள்ளைகள். வாடகை கட்டி, விசாக் கடன் கட்டி, மிஞ்சுவது கொஞ்சம். வீட்டில் சாப்பாட்டு மேசை கூட இல்லை என்று ஒருநாள் பேச்சுவாக்கில் தெரிய வந்தது. எமக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது அந்தக் கண்ணாடிதான்.

ஒரே நேரத்தில் இரண்டு புண்ணியம் என்று மகிழ்ந்தோம். கோயிற் பொருள் வீணாகவில்லை, இல்லாத குடும்பத்துக்கும் உதவி. ஒருவரிடம் இருந்த பழைய மரக் கால்கள் நான்கைச் சேர்த்தோம். ஐந்து பேர் தூக்கி வானில் ஏற்றிக் கொண்டுபோய் வைத்தோம். அந்தத் தாய் கண்ணாடியைத் துணியால் துடைத்துவிட்டு எமக்குத் தேநீர் தந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை நிர்வாக சபைக் கூட்டத்தில் எம்மைப் பாராட்டினார்கள்.

மூன்றாம் மாதம், பாட்டி அடுப்பிலிருந்து இறக்கிய சோற்றுப் பானையை அந்த மேசையில் வைத்திருக்கிறார். எந்த வீட்டிலும் நடப்பதுதான். பானையின் அடியில் இருந்த இடம் சூடேறி விரிய, சுற்றி இருந்த பகுதி குளிர்ந்தே இருக்க, கண்ணாடி ஒரு சத்தத்தோடு வெடித்தது. வாள் போன்ற நீண்ட துண்டுகளாக அது தரையில் விழுந்தது. கடைசிப் பிள்ளை அந்த மேசைக்கு அடியிலிருந்துதான் விளையாடுமாம். அந்த நேரம் தாய் முகம் கழுவ அழைத்துப் போயிருந்தபடியால் பிள்ளை அங்கே இல்லை. பாட்டியின் காலில் ஒரு வெட்டு. ஏழு தையல்.

செய்தி கேட்டு நாம் ஓடிப் போனோம். வாசலில் நின்ற அந்தத் தாய் சொன்ன வார்த்தை இன்னும் காதில் நிற்கிறது. "அண்ணை, கோயில் கண்ணாடியை உடைச்சுப் போட்டம். குறை நினையாதேங்கோ."

மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் நாம். கேட்டது அவர். வெட்கத்தில் எமக்குப் பதில் வரவில்லை. எமது பிள்ளைகள் ஓடித் திரியும் இடத்தில் இருக்கக்கூடாது என்று நாமே கழற்றிய கண்ணாடியை, அவருடைய பிள்ளைகள் இருக்கும் இடத்தில் கொண்டுபோய் வைத்தவர்களும் நாமே அல்லவா?

பழமொழியின் மறுபக்கம்

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்று எமது முன்னோர் சொல்லி வைத்தார்கள். மாட்டின் வயதைப் பல்லைப் பார்த்துக் கணிப்பது வழக்கம். சந்தையில் வாங்குகிறவன் பார்க்கலாம். தானமாகப் பெறுகிறவன் பார்ப்பது நன்றியல்ல என்பதே பழமொழியின் பொருள். நல்ல பண்புதான். அந்தத் தாயும் அந்தப் பண்பின்படியே நடந்தார். இது என்ன கண்ணாடி, ஏன் கழற்றினீர்கள் என்று அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கோயிலில் இருந்து வந்த பொருளைக் கேள்வி கேட்பதா?

ஆனால் பெறுகிறவர் பல்லைப் பார்க்கக் கூடாது என்றால், யாராவது ஒருவர் பார்த்துத்தானே ஆக வேண்டும்? அது கொடுக்கிறவரின் கடமை என்று பழமொழி சொல்லாமல் விட்டிருக்கிறது. சொல்லாமலே விளங்கும் என்று முன்னோர் நினைத்தார்கள் போலும். எமக்கு விளங்கவில்லை.

கடோபநிடதம் தொடங்குவதே இந்த இடத்தில்தான். நசிகேதனின் தந்தை தம்மிடம் உள்ள அனைத்தையும் தானம் செய்யும் பெரிய வேள்வி செய்கிறார். தானமாகப் போகும் பசுக்களைச் சிறுவன் பார்க்கிறான். இனிப் புல் தின்னவோ தண்ணீர் குடிக்கவோ பலமற்ற, பால் வற்றிய, கன்று ஈனாத கிழட்டுப் பசுக்கள். இப்படிக் கொடுப்பவர் என்ன கதியை அடைவார் என்று அவன் மனம் பதறுகிறது. "என்னை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்?" என்று தந்தையிடம் மூன்று முறை கேட்கிறான். யமனுக்கு என்று கோபத்தில் பதில் வருகிறது. ஆன்மாவைப் பற்றிய அந்த மாபெரும் உரையாடலுக்கு வாசற்படியாக இருப்பது, பயன்படாத பொருளைத் தானம் என்ற பெயரில் தள்ளிவிட்ட ஒரு சிறிய குற்றம். இந்தக் கதையைப் பிரசங்கத்தில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். ஒருநாளாவது எம்மை அந்தத் தந்தையின் இடத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

"ஒன்றுமே இல்லாதவருக்கு ஏதோ ஒன்று கிடைப்பது நல்லதுதானே" என்று எமக்கு ஆறுதல் சொன்னவர்களும் உண்டு. அதை நாம் நிராகரிக்கவில்லை. பழைய பொருள் கொடுப்பது இழிவல்ல. இங்கு வந்த புதிதில் பிறருடைய பழைய கம்பளிச் சட்டையில்தான் எம்மிற் பலர் குளிர் தாங்கினோம். ஆனால் பழைய சட்டையால் வரும் ஆபத்து எதுவும் இல்லை. கிழிசலைக் கண்ணால் காணலாம். கண்ணாடியின் குறை கண்ணுக்குத் தெரியாது. குறையை அறிந்தவர் கொடுப்பவர் மட்டுமே என்றால், அறிந்ததைச் சொல்லாமல் கொடுப்பது பாரத்தை மற்றவர் தலையில் மாற்றி வைப்பதாகிவிடும்.

ஊரில் கண்ட முறை

எதையும் வீணாக்காத பழக்கம் எமக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் பனையோலை முதலில் கூரையாகவோ வேலியாகவோ இருக்கும். உக்கிய பின் அதையே தோட்டத்து மண்ணில் தாழ்த்துப் பசளையாக்குவார்கள். 1990களில், மின்சாரம் இல்லாமல், மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு வந்த காலத்தில், வெறும் ஜாம் போத்தலே விளக்காயிற்று. போத்தலில் சிறிது பஞ்சும் கொஞ்ச மண்ணெண்ணெயும் இட்டுத் திரி ஏற்றி, அந்த வெளிச்சத்தில் படித்துப் பரீட்சை எழுதியவர்கள் இன்று எமது ஆலயத்தில் வைத்தியர்களாகவும் கணக்காளர்களாகவும் இருக்கிறார்கள்.

அந்த விளக்கைச் செய்தவரே அதன் அருகில் இருந்து படித்தார். எவ்வளவு எண்ணெய் விட்டால் ஆபத்து, எங்கே வைத்தால் தட்டுப்படும் என்பதை அவருடைய கையே கற்றுக்கொண்டது. ஓலையை வேய்ந்தவரே அதைத் தாழ்த்தார். ஊரில் பழைய பொருள் புதிய வேலைக்குப் போனபோது, அதை அறிந்தவரும் அதனோடு கூடவே போனார். நாம் கண்ணாடியை அனுப்பினோம். அதைப் பற்றிய அறிவை எம்மிடமே வைத்துக்கொண்டோம்.

எம்மவர் பலர் வாழும் தென் லண்டனில் இதற்கு நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. 1851ஆம் ஆண்டு ஹைட் பார்க்கில் நடந்த பெருங்கண்காட்சிக்காகக் கட்டப்பட்ட பளிங்கு மாளிகையில் ஏறத்தாழ 3 லட்சம் கண்ணாடித் தகடுகள் இருந்தன. அதை வடிவமைத்த ஜோசப் பக்ஸ்ரன் ஒரு தோட்டக்காரர். செடிகளுக்குக் கண்ணாடி வீடு கட்டிப் பழகியவர். கண்காட்சி முடிந்ததும் மாளிகையைக் கழற்றி, சிடன்ஹாம் மேட்டுக்குக் கொண்டு சென்று, முன்னையதிலும் பெரிதாகக் கட்டி 1854இல் திறந்தார்கள். அந்தப் பெரிய மிச்சப் பொருளுக்கு இரண்டாம் வாழ்வு கிடைத்ததற்குக் காரணம், அதன் இயல்பை அறிந்த பக்ஸ்ரனே இரண்டாவது வேலையிலும் நின்றதுதான். 1936 நவம்பர் 30ஆந் திகதி இரவு அது எரிந்து போகும்வரை, 80 வருடங்களுக்கு மேலாக மக்களுக்குப் பயன்பட்டது. இன்று அந்தப் பூங்காவுக்கும் ரயில் நிலையத்துக்கும் அதன் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அதே 19ஆம் நூற்றாண்டில் மறுபக்கமும் நடந்தது. அக்காலத்தில் புகைப்படங்களைக் கண்ணாடித் தகட்டில்தான் பிடித்தார்கள். பின்னர் அவற்றை வேண்டாத சாமான் என்று எண்ணி, உருவங்களைச் சுரண்டிக் கழுவி, செடி வீடுகளுக்குக் கண்ணாடியாகப் போட்டவர்கள் உண்டு. கண்ணாடி வீணாகவில்லை. மனிதர்களின் முகங்கள் போயின. ஒரு பொருளைப் பயனாக்க முன்னர் அது என்ன என்று கேளாவிட்டால், சிக்கனமும் அழிவுதான்.

இரண்டாவது கண்ணாடி

விபத்தின் பின், சாமான் அறையில் இருந்த இரண்டாவது கண்ணாடியை இனியும் அப்படியே விடுவதில்லை என்று முடிவு செய்தோம். இம்முறை யோசனை கேட்பதற்கு முன்னர், கண்ணாடி வெட்டுந் தொழில் செய்யும் ஒருவரை அழைத்தோம். அவர் அரை மணி நேரத்தில் சொன்னதை நாம் ஏழு வருடங்களில் கேட்டிருக்கலாம்.

கண்ணாடியில் பிரதானமாக மூன்று வகை. சாதாரணக் கண்ணாடியை வெட்டலாம், ஓரத்தைத் தேய்க்கலாம். உடைந்தால் கத்தி போன்ற துண்டுகள் வரும். கடினமாக்கிய கண்ணாடி 600 பாகைக்கு மேல் சூடாக்கிக் காற்றால் சடுதியாகக் குளிர்விக்கப்பட்டது. நான்கைந்து மடங்கு வலிமை கூடியது. உடைந்தால் சிறு மணிகளாக உதிரும். ஆனால் செய்து முடித்த பின் அதை வெட்ட முடியாது, வெட்டப் போனால் முழுவதும் நொறுங்கும். அதன் மூலையில் பெரும்பாலும் சிறிய முத்திரை ஒன்று பதித்திருக்கும். மூன்றாவது, நடுவில் பிளாஸ்ரிக் தாள் வைத்து ஒட்டிய கண்ணாடி. உடைந்தாலும் துண்டுகள் தாளோடு ஒட்டி நிற்கும். எம்மிடம் இருந்தது முதல் வகை. முத்திரை இல்லை.

பின்னர் மூன்று கேள்விகளை நாமே எழுதிக்கொண்டோம். இது உடைந்தால் யார் அருகில் இருப்பார்? இதைத் தூக்கி, துடைத்து, பராமரிக்கப் போகிறவர் யார்? இந்த வேலையும் முடிந்தபின் இது எங்கே போகும்? இந்த மூன்றுக்கும் விடை சொன்னபின் பழைய யோசனைகளிற் பல தாமாகவே விலகின. கறிவேப்பிலைப் பெட்டி நல்ல யோசனைதான். ஆனால் பின் முற்றத்தில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். மீன் தொட்டியைப் பராமரிக்க ஆளில்லை.

முடிவில் கண்ணாடியின் பெரும்பகுதியை அலுவலக மேசையின் அளவுக்கு வெட்டி, ஓரங்களைத் தேய்த்து, மேசை மேல் விரித்தோம். ஊரில் ஒவ்வொரு கந்தோரிலும் பாடசாலை அதிபர் அறையிலும் பார்த்த அதே முறை. அடியில் முழுவதும் மரப்பலகை தாங்குவதால் அது தொங்கி நிற்காது. அங்கே சூடான பானையும் வராது. கண்ணாடியின் கீழே ஆலயத்தின் முதலாவது நன்கொடைப் பற்றுச்சீட்டையும், முதலாவது கும்பாபிஷேக அழைப்பிதழையும், வாடகை மண்டபத்தில் பூசை செய்த காலத்துப் படங்களையும் வைத்திருக்கிறோம். அலுவலகம் வரும்போது பாருங்கள். உங்கள் பெற்றோரின் முகம் அதில் இருக்கக்கூடும்.

மிகுதியைச் சிறு சதுரங்களாக வெட்டி ஓரம் தேய்த்து வாங்கினோம். தமிழ்ப் பாடசாலையின் மூத்த மாணவர்கள், ஆசிரியரின் மேற்பார்வையில், தஞ்சாவூரில் சிறப்புற்றிருந்த கண்ணாடி ஓவிய முறையை அவற்றில் பழகுகிறார்கள். அந்த ஓவியத்தைக் கண்ணாடியின் பின்புறத்தில் தலைகீழ் வரிசையில் தீட்ட வேண்டும். கண்ணின் மணியும் நகையின் புள்ளியும் முதலில், முகத்தின் நிறம் அடுத்து, பின்னணி கடைசியில். முதலில் இட்ட கோட்டின் பிழையைப் பிறகு பூசும் நிறத்தால் மறைக்க முடியாது. பார்ப்பவர் கண்ணுக்கு முதற் கோடே முன்னால் தெரியும். அந்த வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எமக்கு எமது தானமே நினைவுக்கு வந்தது.

வெட்டி மிஞ்சிய ஓரத் துண்டுகளைத் தொழிலாளரே தமது கழிவுக் கண்ணாடியோடு மீளுருக்க எடுத்துச் சென்றார்.

அந்தக் குடும்பத்துக்கு நாம் எல்லோரும் காசு சேர்த்து ஒரு மர மேசை வாங்கிக்கொண்டு போனோம். இது தானமல்ல, நாங்கள் பட்ட கடன் என்று சொல்லிக் கொடுத்தோம். கண்ணாடியை ஏன் கழற்றினோம் என்ற உண்மையையும் அப்போதுதான் முழுவதும் சொன்னோம். தாய் ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரம் மேசையைக் கையால் தடவிக்கொண்டு நின்றார். பிறகு "அப்ப எங்களிட்டை முதலே சொல்லியிருக்கலாமே அண்ணை" என்றார். அந்த ஒரு வசனத்துக்கு எம்மிடம் இன்றுவரை பதில் இல்லை.

ஒரு வேண்டுகோள்

இதைப் படித்த பின் உங்கள் வீட்டுக் கராஜையும் ஒருமுறை திறந்து பாருங்கள். குளியலறைக் கதவுக் கண்ணாடி, உடைந்த மேசையின் மேற்கண்ணாடி என்று ஏதோ ஒன்று சுவரில் சாய்ந்து நிற்கும். "ஒருநாள் உதவும்" என்ற அந்த ஒருநாளுக்கு ஒரு திகதி குறியுங்கள். மூலையில் முத்திரை உண்டா என்று பாருங்கள். தெரியாவிட்டால் தொழில் தெரிந்தவரைக் கேளுங்கள். பிறருக்குக் கொடுப்பதானால் அதன் குறையையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். அவர்கள் வேண்டாம் என்று சொல்ல இடம் வையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. கண்ணாடி போட்ட பழைய சுவாமிப் படங்களை ஆலயத்தின் பின்வாசலில் யாரும் பார்க்காத நேரம் வைத்துவிட்டுப் போகும் வழக்கம் எம்மிடையே இருக்கிறது. எறியவும் மனமில்லை, வைத்திருக்கவும் இடமில்லை. அந்தத் தயக்கம் எமக்கு நன்றாக விளங்குகிறது. ஆனால் மழையில் நனைந்து கண்ணாடி வெடித்த அந்தப் படங்களை மறுநாட் காலை வெறுங்கையால் பொறுக்குகிறவர் ஒரு வயதான தொண்டர். இனிமேல் வைத்துவிட்டுப் போகாமல் உள்ளே வாருங்கள். சட்டத்தையும் கண்ணாடியையும் படத்தையும் ஒன்றாக இருந்து பிரிப்போம். படத்தை என்ன செய்வதென்று குருக்கள் ஐயா சொல்வார்.

வருகிற மாதத் தொண்டர் நாளில் சாமான் அறையைத் துப்புரவு செய்யவிருக்கிறோம். அங்கே இன்னும் பல பொருள்கள் போர்வைக்குள் இருக்கின்றன. தடித்த கையுறையோடு வாருங்கள்.